ஏழில் ஒன்று

ஐந்நூற்று நாற்பது லிட்டர் என்றால்
தண்ணீர் மட்டுமே அரை டன்.
கண்ணாடி, மணல், பாறை எல்லாம் சேர்த்துக்
கணக்குப் போட்ட தாளைக் கதவிடுக்கில் நீட்டினார்
கீழ்வீட்டு ஓட்டகர்.
அவர் கட்டிலுக்கு நேர் மேலே நீந்துகின்றனவாம் என் மீன்கள்.
ஒஸ்ட்ராவாவின் அடுக்குமாடிகள்
இதைவிடக் கனத்த குடும்பங்களைத் தாங்குகின்றன
என்று சொல்லிச் சாத்திக்கொண்டேன்.

பெரிய சிக்லிட்டை இரண்டாக வளர்க்காதே,
இரண்டென்றால் ஒன்று சாகும்,
ஏழாக வை, அடியைப் பங்கு போட்டுக்கொள்ளும்
என்றான் விற்றவன்.
ஏழு வைத்தேன்.

புள்ளிச்சட்டை ஜாகுவார்.
தீனி டப்பா குலுங்கினாலே
நாய்க்குட்டிபோல் ஓடிவரும் ஆஸ்கர்கள் இரண்டு.
பச்சை டெரர். முத்து இறைத்த டெக்சாஸ்.
நெற்றி புடைத்த ரெட் டெவில்:
தொட்டியின் இடது பாதி தன் பட்டா நிலம் என்று
மணலை வாய்வாயாக அள்ளி
ஹீட்டரின் தலையில் துப்பும்.
அப்புறம்
கிழிந்த வாலோடு
ஃபில்டர் குழாய்க்குப் பின்னால்
செங்குத்தாக நிற்கும் ஒரு செவரம்.
அதற்கு நான் பெயர் வைக்கவில்லை.
வைத்திருந்தால் பார்த்துக்கொண்டிருக்க முடிந்திருக்காது.

ஜனவரி, மைனஸ் பதினாறு.
டிராம் கம்பிகளின் பனி பொறி கக்கிய
காலை ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால்
அதன் இடது கண்மேல் பஞ்சுபோல் பூசணம்.
வாளியில் எடுத்து, கம்பளி சுற்றி,
நான் ஓட்டும் எட்டாம் எண் வண்டியிலேயே
டிக்கெட் வாங்கி உட்கார்ந்து
பொருபாவில் உயிரியல் நடத்தும் த்ராஹோமிராவிடம் கொடுத்தேன்.
பள்ளிக்கூடத் தொட்டி, தனி அறை, நல்ல சாப்பாடு.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் மாலை
ஃபில்டர் குழாய்க்குப் பின்னால்
டெக்சாஸ் செங்குத்தாக நின்றது.

நேற்றுவரை துரத்தியவற்றில் அதுவும் ஒன்று.
முத்தெல்லாம் ஒரே பகலில் அவிந்து
அடுப்புச் சாம்பலாகிவிட்டது உடம்பு.
ரெட் டெவில் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.
ஆஸ்கர்களே போதுமாயிருந்தன,
அந்த நாய்க்குட்டிகள்.

நான் தூக்கிக்கொண்டு போனது
மீனை மட்டும்.
அது நின்ற இடத்தை அல்ல.

(டிப்போவில் திக்கித் திக்கிப் பேசும் மெத்தோதேய்
இலையுதிர் காலத்தில் மாற்றலாகிப் போனான்.
அடுத்த வாரம் என் தெர்மாஸ் காப்பியில் உப்பு.
யார் என்று கேட்கவில்லை.
அவன் தெர்மாஸில் போட்டபோது
நானும் சிரித்திருக்கிறேன்.)

பதினொரு மணிக்கு விளக்கை அணைத்தேன்.
பிளக்கைப் பிடுங்கினேன்.
ரப்பர் உறை முழங்கையோடு நின்றுவிட
கழற்றி எறிந்துவிட்டுத் தோள்வரை இறங்கினேன்.
இடது பாறை வலதுக்கு.
வேர்க்கட்டை நடுவுக்கு.
மண்சட்டியைக் கவிழ்த்து, ஹீட்டரை எதிர்மூலைக்கு மாற்றி,
மேட்டைப் பள்ளமாக்கி, பள்ளத்தை மேடாக்கி.
முழங்கையில் சுருக்கென்றது.
தெருவிளக்கு வெளிச்சத்தில்
ரத்தம் ஒற்றை நூலாக இறங்கியது.
ஜாகுவார் வந்து வாய் வைத்துப் பார்த்துவிட்டுப் போனது.
கீழே ஓட்டகர் துடைப்பக் கட்டையால்
தன் கூரையை மூன்று முறை இடித்தார்.
நழுவி விழுந்த கல்
அவருக்குப் பதில் சொன்னது.

விளக்கைப் போட்டேன்.
ஆறும் ஒரே மூலையில்.
துடுப்போடு துடுப்பு உரச,
தெரியாத ஊரின் பஸ் நிலையத்தில்
விடியலுக்கு முன் இறக்கிவிடப்பட்டவர்கள் மாதிரி.
டெக்சாஸ் எது, அடித்தது எது என்று
எனக்கே கொஞ்சநேரம் தெரியவில்லை.
ரெட் டெவில்
வாயில் ஒரு கவளம் மணலை வைத்துக்கொண்டு
எங்கே துப்புவதென்று தெரியாமல் நின்றது.

நாலரைக்கு எனக்கு முதல் டிராம்.
கட்டுப்போட்ட கையோடு
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன்.
மூன்று ஐம்பதுக்கு
அது மெல்ல நகர்ந்தது.
வேர்க்கட்டையைச் சுற்றி,
கவிழ்ந்த சட்டியைத் தாண்டி,
எதிர்மூலைக்குப் போய்,
ஹீட்டரின் தலையில்
துப்பியது.