முதல் வகை வினைகள்

வியாழன் பிற்பகல் எனக்கு விடுமுறை.
பாரி நகரத்து ரயிலடிக்குப் பின்னால்
மாதா கோவில் கூடத்தில், பிங்பாங் மேசையைச் சுற்றி
ஒன்பது பெண்கள், ஒரு செனகல்காரர்.
ஒர்னெல்லா பலகையில் எழுதுகிறாள்:
லாவாரே. கழுவ.

'வாலை வெட்டுங்கள்' என்கிறாள்.
துறைமுகத்தில் பேய்க்கணவாயைக் கல்லில் அறைகிறவர்களைப்
பார்த்து வளர்ந்தவள்;
கையாலேயே வெட்டிக் காட்டுகிறாள்.
ஆரே போய்விட்டது. மிச்சம் லாவ்,
உயிரில்லாத துண்டு.
அதில் ஓர் ஓவை ஒட்டினால் நான் வந்துவிடுகிறேன்: லாவோ.
நான் என்று தனியே சொல்லவேண்டியதில்லை,
அந்த ஓவுக்குள்ளேயே நிற்கிறேன்,
ஏப்ரனோடு.

லாவி, நீ.
லாவா, அவள். மரியாதைக்கு நீங்களும் அதுவே.
லாவியாமோ, நாங்கள்
என்றபோது சிரித்துவிட்டோம்.
சேர்ந்து எதைக் கழுவினோம்?
ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு நோயாளி,
ஆளுக்கொரு குளியலறை ஜன்னல்.

குத்தாயிசியில் நான் லாரித் தொழிற்சாலையில் கணக்கு எழுதினேன்.
எங்கள் ஜார்ஜிய வினைச்சொல் ஒன்றில்
கொடுத்தவர், வாங்கியவர், கொடுத்த பொருள்
எல்லாம் ஒரே கட்டிலில் நெருக்கியடித்துப் படுத்திருக்கும்.
இது என்ன பிரமாதம், ஆறு வால்.
அஸ்பெத்தாரே, காத்திருக்க.
பார்லாரே, பேச.
பஸ்ஸில் ஒட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சிஞ்ஞோராவின் மகன் சவேரியோ
மூன்று வருடமாய் என்னிடம் வால் வெட்டாமல்தான் பேசுகிறான்.
'நீ கழுவ. நீ காத்திருக்க. நீ பேச இல்லை.'
அவன் மொழியே அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.
நானும் அப்படியே சொன்னேன்: நான் கழுவ.

அன்று வாசலில் நாய் அவன் காலைச் சுற்றியது.
குனிந்து, காதைத் தடவி,
'அஸ்பெத்தா, பிரிச்சோலா' என்றான்.

அஸ்பெத்தா.
முன்னிலை, ஒருமை, ஏவல்.
ஒரு பிழையும் இல்லை.

நிமிர்ந்தான். என் பக்கம் திரும்பியதும்
குரல் பெரிதாகி, வாய் அகலமாகி,
'எத்தேரி. நான் மருந்துக் கடை. நீ காத்திருக்க.'

கோட்டைக்கூடக் கழற்றவில்லை நான்.
'அஸ்பெத்தோ' என்றேன்.
சத்தமாக அல்ல, ஓவை மட்டும் கொஞ்சம் நீட்டி.

சாவிக்கொத்தின் சத்தம் நின்றது.
'அஸ்பெத்தோ?' என்றான்,
காதில் விழுந்தது சரிதானா என்று பார்க்க.
அவன் வாய்க்குப் போனதும் அதே ஓ
அவனாகிவிட்டது.
இப்போது காத்திருப்பவன் அவன்.

'அஸ்பெத்தா' என்றேன்.
நாய்க்கு உள்ளதும் மரியாதைக்கு உள்ளதும் ஒரே வால்.
எது தனக்கென்று
அவனே தேர்ந்துகொள்ளட்டும்.

உள்ளே சிஞ்ஞோரா மணி அடித்தாள். போனேன்.
போவதற்குரிய வினை ஒழுங்கில்லாததாம்;
அது மார்ச்சில்தான்.