இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே

மேலங்கிக்குள்ளிருந்து பெட்டியை எடுத்தபோது
பூரெவ் சிரித்துவிட்டான்:
"மைனஸ் முப்பத்தொன்று.
இதற்குக் குளிர்பெட்டி வேறா?
வெளியே வை, போ."

உறைந்தால் இது மருந்தில்லை என்றேன்.
இரண்டு டிகிரிக்கும் எட்டுக்கும் நடுவே
ஒரு சந்து.
அங்கேதான் இதற்கு உயிர்.

தலைநகரில் விமானம் இறங்கிய அன்று
இதே பெட்டிகளுக்கு நீலப் பட்டு சாத்தினார்கள்.
படம் பிடித்தார்கள்.
இங்கே தெஸ் ஆற்றங்கரையில்
டீசல் கூழாகி வண்டி நின்றது.
ஓட்டுநர் லுவ்சான்
தொட்டிக்கடியில் ஊதுவிளக்கோடு மல்லாந்து கிடக்க,
நிறைமாதக்காரிபோல்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
புகை தெரிந்த பக்கம் நடந்தேன்.

கம்பளிக் கூடாரம்.
அடுப்பு, ஏழு ஆட்டுக்குட்டிகள்,
பூரெவின் மனைவி யான்ஜின்மா,
ஆடு மேய்க்க வந்த ஒரு பையன்.

"எனக்கு வேண்டாம்" என்றான், நான் கேட்கும் முன்பே.
"தம்பி ஊசி போட்டுக்கொண்டுதான் செத்தான்."
எந்த ஊசி, எந்த நோய்?
கேட்கவில்லை. தேநீர் உப்புக்கரித்தது.

அடுப்போரம் ஒன்பது.
கதவோரம் ஒன்று.
ஒரு சாண் இழுத்தால் ஏழு.
சாணம் எரிந்து தணிந்தால் இரண்டரை.
மறுபடி ஒரு சாண்.
பெருந்தொற்றின் இரண்டாம் ஆண்டு முழுக்க
நான் தூங்கியதாக நினைவில்லை;
அன்று தூங்கிவிட்டேன்.

விழித்தபோது
வைத்த இடத்தில் பெட்டி இல்லை.

இரண்டு குட்டிகளுக்கு நடுவே இருந்தது.
பக்கத்தில் குந்தியபடி பூரெவ்,
கையில் என் வெப்பமானி.
சிகரெட் அட்டையில் கரியால் எழுதியிருந்தான்:
ஆறு. ஐந்து. மூன்று. ஏழு. ஐந்து.
"ஈனும் மாதம்," என்றான்,
"எப்படியும் எனக்குத் தூக்கமில்லை."

விடிந்ததும் ஒரு குப்பியைக் குலுக்கி
கூரைத் துளையின் வெளிச்சத்தில் பார்த்தேன்.
திரியாத பால்.

திறந்தால் ஆறு மணி நேரம், பத்துக் கைகள்.
இங்கே இரண்டு.
ஆற்றுக்கு அப்பால் எட்டுப் பேர்.
யான்ஜின்மா ஒன்றும் பேசாமல்
பையனையும் கூட்டிக்கொண்டு
குதிரைக்குச் சேணம் பூட்டினாள்.

வெப்பநிலைப் பதிவேட்டில்
இரவு பதினொன்று முதல் ஐந்து வரை
'பொறுப்பாளர்' கட்டம் காலி.
நீட்டினேன்.
ஊசிக்குத் தராத கையால்
பேனாவை வாங்கினான்.
பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு எழுதினான்.

தூரத்தில் வண்டி இருமியது.
"கதவைச் சாத்து," என்றான்,
"குட்டிகள் நடுங்குது."