பொதுவாக

ப்ர்னோவில் கடல் இல்லை.
கடலில்லாத நாட்டில் உட்கார்ந்து
பதினோரு வருடமாகக் கண்டெய்னர்களைப் பற்றி எழுதுகிறேன்.
துருப்பிடிக்காதவை, கப்பல் ஏறாதவை.
ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதாக
நிரல் சொல்லும் பொய்.
அந்தப் பொய்க்கு எத்தனை சுவர் என்று
எழுதுவது என் பிழைப்பு.

இன்று பாதுகாப்புப் பக்கம், நான்காம் பத்தி:
'உள்ளே ரூட்டாக இயங்குவது
பொதுவாகப் பாதுகாப்பானது.'

அந்தப் 'பொதுவாக'வை நம்பித்தான்
ஓலொமோட்ஸில் ஒரு பல் மருத்துவமனையின்
ஒற்றைக் கணினி ஆள் விட்டெஸ்லாவ்
(காலையில் பிரிண்டர், மாலையில் சர்வர்,
ஞாயிறு காவலும் அவனே)
எங்கள் உதாரணத்தை அப்படியே எடுத்து ஒட்டினான்.
உள்ளே எல்லாச் சாவியும் வைத்திருப்பவனுக்கு
வெளியேயும் அதே கொத்துதான்.
யாரோ வந்தார்கள், போனார்கள்.
நாலாயிரம் பேரின் பல் எக்ஸ்ரேயும் கூடவே போனது.

கடிதத்தில் கோபமே இல்லை.
'பக்கத்தை இரண்டு முறை படித்தேன்'
என்று மட்டும் எழுதியிருந்தான்.

'பயமுறுத்தாதே, க்வியெதா' என்கிறான் ராடோவான்.
'ஓடிவிடுவார்கள்.
தவிர்ப்பது நல்லது என்று போடு.'
தவிர்ப்பது நல்லது.
வெண்ணெயைப் பற்றி டாக்டர் சொல்வதுபோல.

யார் எழுதிய வரி இது?
திட்ட ஒரு பெயர் வேண்டியிருந்தது.
பழைய பதிவுகளைத் தோண்டினேன்.
எட்டு வருடத்துக்கு முந்தைய நவம்பர், இரவு 11.52.
என் பெயர்.
பக்கத்தில் என் குறிப்பு:
'சின்னத் திருத்தம். வாக்கியத்தை மென்மையாக்கினேன்.'

அதற்கும் முன்னால் அங்கே என்ன இருந்தது?
'பாதுகாப்பானதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.'
எழுதியவரின் கணக்கு இப்போது இல்லை.

கடைசி ஷலினா போய்விட்டது
(இங்கே டிராமுக்கு அதுதான் பேர்,
ப்ராஹாக்காரர்கள் சிரிப்பார்கள்).
உதாரணத்தை முழுதாக வெட்டினேன்.
'உள்ளே ரூட் என்றால் வெளியேயும் ரூட்.
இப்படி இயக்காதீர்கள்.'
இரண்டு வரி. காபி ஆறிவிட்டது.

குறிப்புப் பெட்டியில் விரல் தானாக அடித்தது:
'சின்னத் திருத்தம்.'
அழித்தேன்.
என்ன போடுவது என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் கர்சர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு போட்டேன்: 'என் தவறு, நான்காம் பத்தி.'

விட்டெஸ்லாவுக்குப் பதில் எழுத வேண்டும்.
மூன்று தடவை தொடங்கிவிட்டேன்.
மூன்று தடவையும் முதல் வார்த்தை
'பொதுவாக'
என்றே வருகிறது.