பத்தொன்பது வருடச் சனி

டென்னசியில் கொலம்பியா என்றொரு ஊர்.
மளிகைக் கடையின் கார் நிறுத்தம், கடைசி வரிசை.
சனிக்கிழமை காலை.
பதினோரு சனிகள்.

பேர் அதுதான், சாட்டர்ன்.
என் மொழியில் எவனும் வண்டிக்கு வைக்கத் துணியாத பேர்.
எலுமிச்சை நசுக்கிக் கிளப்புகிற வண்டிக்கே
சனி என்று பேர் வைத்தால்
எந்தப் பழம் தாங்கும்?
எண்ணூறு டாலருக்கு நான் வாங்கியது பதினோராவது.
பழம் வைக்கவில்லை.

"எண்ணெய் குடிக்கும்," என்றான் வெர்லின் ஸ்டாக்கர்
என் வண்டியின் மூடியைத் திறக்காமலே.
"ஆயிரம் மைலுக்கு ஒரு டப்பா.
என் மச்சான் அதைவிட அதிகம் குடிப்பான்,
அவன் யாரையும் எங்கேயும் கொண்டுவிட்டதில்லை."

ஃபிளின்டிலிருந்து வந்தவன் வெர்லின்.
குதிரைப் பண்ணைக்கு நடுவில் புது ஆலை என்றார்கள்,
வீட்டை விற்று மனைவியோடு தெற்கே இறங்கினான்.
அங்கே தப்பாக ஒரு திருகைக் கண்டால்
கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தலாம்,
ஏன் என்று ஒருவனும் கத்தமாட்டான்.
"இரண்டு தடவை இழுத்தேன்" என்கிறான்,
பேரன் பிறந்ததைச் சொல்வதுபோல.

ஒடெஸா பெட்டஸ் பேசக் காத்திருந்தாள்.
இரவுப் பணி முடித்த நர்ஸ்; காலணிகூட மாற்றவில்லை.
"தொண்ணூற்றிரண்டில் நாலு கடை ஏறினேன்.
என் முகத்தைப் பார்த்தபின் விலை சொன்னார்கள்.
ஐந்தாவது கடையில் விலை கண்ணாடியில் ஒட்டியிருந்தது.
எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரருக்கும் அதே.
பேரம் கிடையாது என்றார்கள்.
எனக்கு வேண்டியதும் அதுதான்.
சாவி கொடுக்கும்போது ஏழு பேர் சுற்றி நின்று கைதட்டினார்கள்.
வெட்கமாகப் போய்விட்டது.
முதல் சிக்னலில் நின்று சிரித்தேன்."

கார்லா ஸ்ப்ராகின்ஸுக்குப் பொறுமை இல்லை.
அவளுடையது பிந்தைய மாடல், வேகமுள் நட்டநடுவில்.
"எவ்வளவு வேகம் என்று
பக்கத்து சீட்டைத்தான் கேட்கவேண்டும்.
கழுதை!"
ஒருவரும் மறுக்கவில்லை.
மூத்த பிள்ளைகள் முறைத்தார்களாம்,
தாய்க் கம்பெனி கையை மூடிக்கொண்டதாம்;
கடைசியில் அண்ணன்மார் சட்டையை வெட்டித் தைத்துத்
தம்பிக்குப் போட்டு அனுப்பினார்களாம்.

வாங்க ஒருவர் வந்தார்.
கையெழுத்துக்கு முந்தைய நாழிகையில் தாழி உடைந்தது.
தொண்ணூறு ஜூலையில் முதல் வண்டி,
இரண்டாயிரத்து ஒன்பது அக்டோபரில் கடைசி.
விரல்விட்டு எண்ணினேன்: பத்தொன்பது.
சனி தசைக்கும் கணக்கு அதேதான்.
ஜோசியர்கள்கூட இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை.
வெர்லினிடம் இதை விளக்கப் பார்த்தேன்.
"உங்கள் ஊரில் முன்கூட்டியே தெரியுமா?" என்றான்,
"எங்களுக்கு மதியச் செய்தியில்தான்."

புதிதாக ஒருவன் வந்தால்
லோர்னா டிட்வெல் தன் கதவை உதைத்துக் காட்டுவாள்.
பிளாஸ்டிக் கதவு. உள்ளே போகும், யோசிக்கும், வெளியே வரும்.
தொண்ணூற்று நாலின் பச்சை, ஒரு நெளிவு கிடையாது.
வெயிலில் உப்புமென்று விளிம்பில் விட்ட சந்தில்
சுண்டுவிரல் போகும்.
ஆறு வயதில் அவள் மகன் அதில் போட்ட காசு
திருப்பங்களில் கிலுங்கும்.

நேற்றிரவு உறைபனி.
குதிகால் பட்டதும் ஒரு சத்தம்,
பல்லில் அப்பளம்போல.
கதவு திரும்பி வரவில்லை.
விரிசலிலிருந்து கால் டாலர் விழுந்து
கார்லாவின் சக்கரம்வரை உருண்டது.

ஒருவரும் பேசவில்லை.
லோர்னா காசை எடுத்துத் துடைத்தாள்,
வருடம் படித்தாள், பைக்குள் போட்டாள்.
"என்னிடம் ஒரு கதவு இருக்கிறது," என்றான் வெர்லின்.
"பச்சையா?"
"தங்கக் கலர்."
"கொண்டு வா."

ஒடெஸா தட்டத் தொடங்கினாள்.
பிறகு எல்லாரும்.
"நிறுத்தித் தொலையுங்கள்," என்றாள் லோர்னா, காது சிவந்து.

தூறல் விழுந்தது. பத்து வண்டிகள் கிளம்பின.
பதினோராவதின் மேல் வெர்லின் குனிந்திருந்தான்,
கையில் டப்பா,
நான் குடை பிடித்தேன்.