ரூட்டுக்கு வந்த கடிதங்கள்

லியெபாயாவில்தான் காற்று பிறக்கிறது என்பார்கள்.
பிறக்கட்டும்.
அன்று மாலை துறைமுக அலுவலக வாசலில்
குன்வால்டிஸ் பணி ஓய்வு பெற்று
காரில் ஏறிக்கொண்டிருந்தபோது மட்டும்
கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

"எங்கேயும் எழுதி வைக்காதே" என்று
பதினான்கு எழுத்துகளைக் காதோடு சொன்னார்.
பதின்மூன்று வந்து சேர்ந்தன.
ஒன்று கடலுக்குப் போயிற்று.
தலையாட்டினேன். திரும்பக் கேட்கக் கூச்சம்.

விசைப்பலகையில் தொண்ணூற்றைந்து எழுத்துகள்,
விடுபட்டது எந்த இடமோ, பதினான்கு இடங்கள்:
ஆயிரத்து முந்நூற்று முப்பது கதவுகள்.
நாற்பதைத் தட்டிய பின் எழுந்து போய்
கம்பு ரொட்டி தின்றேன்.

கப்பல் ஏதும் வராத சனிக்கிழமை,
விடியற்காலை நாலு பத்து.
இயந்திரத்தை அணைத்துப் போட்டேன்.
அது கண் விழிக்கும் அந்த அரை நொடியில்
துவக்க வரியின் வாலில்
இரண்டே சொல் சேர்த்தேன்.
திறந்துகொண்டது.
யார் நீ என்று கேட்கவில்லை.
பெயர் கேட்கவில்லை, கடவுச்சொல் கேட்கவில்லை.
தொடும் தூரத்தில் நிற்பவரே அதற்கு உடையவர்.

அப்படியானால்
சர்வர் அறைச் சாவியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு
தரை துடைக்க வரும் ஜினாய்தாவும்
இத்தனை வருடம் ரூட்டாக இருந்திருக்கிறாள்.
அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

புதிய சொல்லை இரு முறை தட்டினேன்.
தட்டுவது திரையில் தெரியாது,
ஒரு புள்ளிகூட விழாது.
பிறகு உள்ளே போனதும் ஒரு வரி:
உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது.

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று.

பெரும்பாலும் வட்டு நிரம்பிய புலம்பல்.
நடுநடுவே, கல்லில் மாட்டிய நகம்போல:
"வெல்கா பட்டியலில் இல்லை.
இச்சம்பவம் தெரிவிக்கப்படும்."
நேரம், இரவு மூன்று பன்னிரண்டு.
நிறுவ முயன்றது: சதுரங்கம்.

கோபுரத்தில் இரவெல்லாம்
நீர்மட்டம் பார்க்கும் வெல்கா.
சிரித்தேன்.
அடுத்த வாரமும் சதுரங்கம்.
ஈஸ்டர் இரவில் சதுரங்கம்.
ஒரு ஜனவரியில், மைனஸ் பத்தொன்பதில்,
ஒரே மணி நேரத்தில் ஐந்து தடவை.

சாமிக்குப் போட்ட மனுவெல்லாம்
உண்டியலிலேயே கிடக்க,
பூசாரி வட்டைக் காலி செய்துகொண்டிருந்திருக்கிறார்.

கடைசி இரண்டு வருடத்தில் சதுரங்கம் இல்லை.
வேறு ஒன்று கேட்டிருக்கிறாள்.
திரையின் எழுத்தைப்
பெரிதாக்கிக் காட்டும் சின்ன மென்பொருள்.
செப்டம்பரில் நான்கு முறை.
நவம்பரில் பதினொன்று.
அதன் பிறகு கேட்கவே இல்லை.

சிரிப்பு நின்றது.

படியேறிப் போனேன், நூற்றுப் பன்னிரண்டு படி.
அவள் திரைக்கு முன்னால்
தபால்தலை பார்க்கும் பூதக்கண்ணாடி
மீன்பிடி நரம்பில் கட்டித் தொங்கியது.
கதவு திறந்த காற்றில் அது ஆட,
நீர்மட்டம் ஒரு கணம் கரும்பலகை அளவு பெருத்து
மறுபடி கடுகானது.

"யாரிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.
"அதுவே சொன்னதே, தெரிவிக்கப்படும் என்று.
சரி, யாராவது வருவார்கள் என்று இருந்தேன்."
தெர்மாஸைத் திறந்தாள். எனக்கும் ஊற்றினாள்.

அவள் பெயரைப் பட்டியலில் சேர்க்கவில்லை.
சேர்க்கக் கூடாது.
அலைக்கும் கப்பலுக்கும் நடுவே நிற்கும் இயந்திரத்தில்
ஆளாளுக்கு ஒன்றை இறக்கிவைக்க முடியாது;
இதில் குன்வால்டிஸ் சொன்னது சரிதான்.
நானே இறங்கி வந்து நிறுவினேன்,
பெருக்கியை முதலில், சதுரங்கத்தைப் பிறகு.
பதினெட்டு நொடி ஆயிற்று, இரண்டுக்கும் சேர்த்து.

ரூட்டுக்கு வரும் கடிதமெல்லாம்
இப்போது என் கைபேசிக்கு வருகிறது.
புதிய கடவுச்சொல்லை ஒட்டிய உறையில் போட்டு
துறைத்தலைவரின் பெட்டகத்தில் வைத்தாயிற்று;
எழுதித்தான் வைத்தேன்.
காற்றை நம்புவதாக இல்லை.

நேற்றிரவு இரண்டு நாற்பது.
தலையணைக்கடியில் அதிர்ந்தது.
வெல்கா பட்டியலில் இல்லை.
இம்முறை: சீட்டாட்டம்.
இருட்டில் காலால் துழாவி
காலுறையைத் தேடினேன்.