கொடிக்குழாய்க் கணக்கு

அரை அங்குலக் குழாய், ஆறடி நீளம்,
நூற்று நாற்பது.
கேபிள் டை நான்கு பாக்கெட்.
கூட்டத்துக்கு முந்தின இரவு
கிளைச் செயலாளர் கலியபெருமாள்
கடைக் கதவைத் தட்டி எடுத்துப் போனார்.
பில்லில் ‘தலைவர் வருகை’ என்று எழுதச் சொன்னார்.
எழுதினேன்.
கார்பன் நகல் இன்னும் ஆணியில் தொங்குகிறது.

புக்கிட் கெலாடியில் எல்லோருக்கும் தெரியும்
நான் எந்தக் கட்சி என்று.
வாங்கிய கடனை முதல் தேதிக்குள் கட்டுகிறவன்.
சாலையில் ஒரு நாய்கூட இல்லாத நேரத்திலும்
சிவப்பு விளக்குக்கு மோட்டாரை நிறுத்துகிறவன்.
அரசாங்கம் சாக்கடையைப் பார்க்கட்டும்,
பள்ளிக்கூடக் கூரையைப் பார்க்கட்டும்,
மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்
என்று நினைக்கிற பழைய மண்டை.
எதிர்க்கட்சிக்காரன் மேடையில் கத்தினால்
வேறு சாலை வழியாக வீட்டுக்குப் போவேன்.

இந்தத் தலைவரை நம்பினேன்.
“கணக்கைச் சரி செய்வேன்” என்றார்.
அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது,
கல்லாவில் உட்காருகிற எனக்கு.

செம்பனைக் கம்பெனி காலி செய்யச் சொன்ன
நாற்பத்தாறு வீட்டுக்கும் பட்டா.
கடைக்கு ஒரே லைசென்ஸ்.
லயத்துக்குப் பின்னால் ஓடுகிற
கள்ளச் சம்சுவுக்கு ஒரு பூட்டு.
இதில் எதையும் நான் தர்மமாகக் கேட்கவில்லை.

வந்தது ஓர் அட்டை.
அட்டைக்குள் நூறு வெள்ளி.
பட்டணத்துப் பேரங்காடியில் மட்டும் செல்லுமாம்.
அந்த வாரம் எதிர்க்கடை சிங்காரவல்லியிடம்
ஓர் அரிசி மூட்டைகூட நகரவில்லை.
அவளும் அட்டைக்கு வரிசையில் நின்றாள்,
என்னைப் பார்த்ததும் குடையைத் தாழ்த்தினாள்.

லைசென்ஸ் ஒன்று இரண்டானது.
அளவு நாடாவோடு ஒரு பையன் வந்து
பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்து
இரண்டு அங்குலம் கூடுதல் என்றான்.
மரியாதையான பையன். தே ஓ கொடுத்தேன், குடித்தான்.
பெயிண்ட் விற்கிறவன் நான்,
என் பெயரை நானே ஏணி வைத்து அழித்தேன்.
சட்டம் சட்டம்தான்.
சம்சுக் கொட்டகைக்கு ஏன்
யாரும் நாடா எடுத்துப் போகவில்லை?

நாற்பத்தாறு வீட்டுக்கு
அளவையாளர் வந்து முளை அடித்தார்.
முளை மேல் கொடி படர்ந்துவிட்டது.
கட்சிக் கொடி இல்லை, காட்டுக்கொடி.

மண்டபத்தில் மூன்றாவது வரிசை எனக்கு.
பழைய பில்லின் முதுகில்
ஒரே ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தேன்,
பள்ளிக்கூடக் கூரையைப் பற்றி.
தலைவர் ஒரு மணி நேரம் பேசினார்.
‘உருமாற்றம்’ பதினேழு முறை. எண்ணினேன்,
எண்ணுவது என் தொழில்.
கேள்விக்கு நேரமில்லை,
அடுத்த ஊரில் அவருக்குச் சாப்பாடு.
“சாப்பிட்டுப் போங்கண்ணே,”
கலியபெருமாள் என் கையில் பொட்டலத்தைத் திணித்தார்.
கோபம்தான். ஆனாலும் சாப்பிட்டேன்.
பிரியாணி நன்றாகவே இருந்தது.

பத்து நாள் கழித்து, பில்லுக்கு வழியில்லை என்று தெரிந்த பிறகு,
இருட்டில் டார்ச்சோடு போனேன்.
அறுபத்தொரு குழாய் கிடைத்தது.
மிச்சம்
வீரம்மா வீட்டுப் பயற்றங்காய்ப் பந்தலில் நின்றது,
திடலில் பையன்களுக்கு
கோல் கம்பமாக நின்றது.
அதைப் பிடுங்க மனம் வரவில்லை.
தலைவரின் திட்டத்தில்
இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது அவ்வளவுதான்,
அதுவும் என் செலவில்.

“இந்தத் தடவையாவது மாத்திப் போடுங்க,”
மச்சான் தனபாலன் வாசலில் நின்று சொன்னான்.
இடது கையால் சோறு உண்ணச் சொல்வது போல இருந்தது.

வாக்குச்சாவடி தமிழ்ப்பள்ளியில்,
மூன்றாம் வகுப்பு.
கூரைக்குப் பதில் நீலத் தார்பாலின்,
பாதி விலைக்கு நான் கொடுத்தது.
மழை பிடித்துக்கொண்டது.
சீட்டில் அதே சின்னம், அதே கட்டம்.
முப்பது வருடம் யோசிக்காமல் போன கை
அன்று பேனாவைப் பிடித்தபடி நின்றது.
மேலே தண்ணீர் தேங்கி
தார்பாலின் தொந்தி போட்டிருந்தது.
பின்னால் யாரோ இருமினார்கள்.

விரலில் மையோடு வெளியே வந்தேன்.
“யாருக்கு?” என்றான் மச்சான்.
அளவெடுத்துக்கொண்டு வந்தேன் என்றேன்.
பதினெட்டுக்கு இருபத்து நான்கு.
கடையில் இருப்பு இருக்கிறது.