ஓயார்ஸுக்கு, சாவியோடு சேர்த்து

குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஓயார்ஸ்.
அதில் சுண்ணாம்பு. உங்கள் கெட்டிலைத் திறந்து பாருங்கள், தெரியும்.
பால்கனியில் நீல வாளி வைத்திருக்கிறேன்.
பனி விழுந்த காலையில் அது நிறைந்திருக்கும்.
தெருப் பனியை அள்ளிவிடாதீர்கள், உப்புத் தூவியிருக்கிறார்கள்.
வாளியை உள்ளே கொண்டுவந்து
ஒரு பகலும் ஓர் இரவும் சும்மா வையுங்கள்.
வாளி நிறையப் பனிக்கு நாலு தம்ளர்தான் தேறும்.
ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இன்னமும் இருக்கிறது.

ஊற்றுமுன் விரலை மண்ணில் விடுங்கள், இரண்டாம் கணு வரை.
லாரி ஓட்டுகிறவர் விரலுக்கு ஒரு கணு போதும்.
ஈரம் ஒட்டினால் போய் டிவி பாருங்கள்.

இலையைத் தொடத் தோன்றும்.
மீட்டர் பார்க்க வந்த பையன்
கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டான்.
ஜன்னலோரம் நின்றால் கறுப்பு,
சமையலறை வாசலிலிருந்து பச்சை,
விளக்கைப் போட்டால் நரம்பெல்லாம் வெள்ளி.
இருபத்தாறு வருடம் நாடக அரங்கில் வெல்வெட் தைத்தவள் நான்,
ராஜாக்களின் தோளில் தூசி தட்டியவள்.
ஈரத் துணி ஆகாது. தேய்த்த இடம் வழுக்கை விழும்.
மேஜைமேல் அணில்முடிப் பிரஷ் இருக்கிறது.
புதன்தோறும், இலைக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு.

விளக்கு காலை ஏழு முதல் மாலை ஏழு.
ஜனவரிச் சூரியனை நம்ப முடியாது,
கதவைத் தட்டிவிட்டுத் திறக்குமுன்
படி இறங்கிப் போய்விடுகிறவன் அவன்.
ஹீட்டரைக் குறைக்க வழியில்லை. முழுக் கட்டடத்துக்கும் ஒரே திருகு,
அது யார் கையில் என்று ரீகாவில் யாருக்கும் தெரியாது.
கூழாங்கல் தட்டில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிதான் முக்கியமானது.
உச்சியில் ஒரு குருத்து, பென்சில் கனம்.
நான் இல்லாத மாதத்தில் அது விரியும்.
பாதியில் நிற்கும். நுனி உறையில் மாட்டிக்கொள்ளும்.
மூச்சு முட்டுகிற மாதிரித் தெரியும்.
உதவாதீர்கள்.

கீழிருந்து மூன்றாவது இலையைப் பாருங்கள்,
நடுநரம்பு தொடங்கி ஓரம்வரை கிழிசல்.
அது நான் செய்த உதவி.
போன பிப்ரவரி, இரவு ஒரு மணி, நகத்தால், மெல்ல.
சத்தம்கூட வரவில்லை.
கிழிந்த அங்கியை முதல் வரிசைக்குத் தெரியாமல்
தைத்துக் கொடுத்த கை.
அந்த இலை கிழிசலையும் சேர்த்தே பெரிதானது.
வெட்டிவிடு என்றார்கள். வெட்டவில்லை.

குருத்தின்மேல் மட்டும் இரண்டு முறை தெளியுங்கள்.
பிறகு அறையைவிட்டு வெளியே போய்விடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, சொல்கிறேன்:
வலது விழித்திரையின் நடுவில் ஓட்டை.
நூல் கோக்கும்போதுதான் தெரிந்தது.
ஊசியின் காது இருக்க வேண்டிய இடத்தில்
சாம்பல் நிறத்தில் ஒன்றுமில்லை.
தைப்பீர்களா என்று கேட்டேன், டாக்டர் சிரித்தார்.
கண்ணுக்குள் வாயுக் குமிழ் வைப்பாராம்.
நான் வல்மியெராவில் தங்கை வீட்டுக் கட்டிலில்
முகம் கவிழ்ந்து கிடக்க வேண்டும்.
குமிழ் மேலேறி அழுத்த அழுத்த
ஓட்டை தானாக மூடுமாம்.
யாரும் தொடாமல்.

புது இலை முதலில் செம்பு.
யூரோ வருமுன் நம் பையில் கிடந்த சாந்தீம் காசு, அந்த நிறம்.
மூன்று வாரத்தில் கறுத்துவிடும்.
நான் வரும்போது இலைகளோடு இலையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.
படம் அனுப்பாதீர்கள்,
தரையைத் தவிர எதையும் பார்க்க அனுமதியில்லை.
போன் செய்யுங்கள்.
எவ்வளவு விரிந்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது,
நிறம் எப்படி என்று நிதானமாகச் சொல்லுங்கள்.
உங்கள் லாரி என்ன நிறம் என்று ஒருமுறை கேட்டேன்,
'லாரி நிறம்' என்றீர்கள்.
பரவாயில்லை. முயன்று பாருங்கள்.

ஃப்ரிட்ஜில் கம்பு ரொட்டி, பாதி சீஸ். சாப்பிட்டுவிடுங்கள்.
சாவி மேல்பூட்டுக்கு மட்டும்தான்.
கீழ்ப்பூட்டு வேலை செய்யாது,
சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போங்கள்,
பூட்டின மாதிரி இருக்கட்டும்.